என் மௌனத்துக்கு மூன்று பங்காளிகள்

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த மரியாதையுடன் அத்தைக்கு,

முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை. ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வழக்கம்போலச் சொல்லாமலே விட்டுவிடுவேன். திங்கட்கிழமை காலை கடைக் கவுண்டரில் போய் உட்கார்ந்தபோது மேசையின் விளிம்பு என் மோவாய்க்கு நேராக வந்தது. சனிக்கிழமை வரை அது என் நெஞ்சுக்கு நேராகத்தான் இருந்தது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மேசை வளராது, நானும் குள்ளமாகிவிட மாட்டேன் என்று குனிந்து பார்த்தேன். என் நாற்காலியின் நான்கு கால்களும் புதிதாக அறுக்கப்பட்டிருந்தன. தரையில் மரத்தூள்கூடக் கூட்டாமல் கிடந்தது. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நம் கடையின் நிலவரத்தை இதற்கு மேல் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

இனி முறைப்படி எழுதுகிறேன். இங்கே சித்தப்பா, சித்தி, பெரிய சலவை இயந்திரம் மூவரும் நல்ல சுகம். சின்ன இயந்திரம் மட்டும் சுற்றும்போது நடந்து போய்க் கதவில் முட்டிக்கொள்கிறது. உங்கள் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டு எழுதும்படி சித்தி சொன்னார். நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது சித்திக்குத் தெரியாது. எப்போதாவது எழுதினால் கேட்கச் சொல்லி போன மாதமே சொல்லி வைத்திருந்தார், அதனால் கேட்கிறேன்.

எதிரே நின்றால் மூச்சுவிடக்கூட அனுமதி கேட்கிற பெண் இவ்வளவு எழுதுகிறதே என்று நீங்கள் நினைக்கலாம். பேனா யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால் அதற்குத் தைரியம் அதிகம். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, தினமும் முதல் ஆளாகப் போயும் வராதவள் என்றே எழுதப்பட்டு, கடைசியில் நீண்ட நாள் வரவில்லை என்று என் பெயரை எடுத்துவிட்ட கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கும் நான் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு, சும்மா வீட்டில் இருப்பதற்குத் தொழிலாவது கற்றுக்கொள்ளட்டும் என்று நீங்கள்தான் சித்தப்பாவிடம் சொல்லி என்னை இந்தச் சலவைக்கடையில் சேர்த்துவிட்டீர்கள். துணி தேய்க்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று அவரும் உங்களிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் நான் வந்ததிலிருந்து பின்கட்டில் உட்கார்ந்து துணிகளுக்கு அடையாளச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தேன். துணி பேசாது, நானும் பேசமாட்டேன், அதனால் எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் இருந்ததில்லை.

எல்லாம் சித்தியின் கடைவாய்ப் பல்லால் வந்தது. அவர் பல் வைத்தியரிடம் போன அன்று, ஒரு நிமிஷம் கவுண்டரைப் பார்த்துக்கொள் என்று என்னை உட்காரவைத்தார். அந்த ஒரு நிமிஷத்தில், பெரிய கட்டடம் ஒன்றில் காவலாளியாக இருப்பவர் தம் சீருடைச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். சட்டையில் ஒரு பொத்தான்கூட இல்லை. "இதைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னா என்னையே உள்ள விடமாட்டாங்க. கடை நடத்துறீங்களா, காயலான் கடை நடத்துறீங்களா? கூப்பிடு உங்க முதலாளிய" என்று சத்தம் போட்டார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலையைக் குனிந்தேன். கண்ணிலிருந்து ஒரு சொட்டு கவுண்டர்க் கண்ணாடிமேல் விழுந்தது, அதைத் துடைக்கப் போய் இன்னொன்றும் விழுந்தது. அவருடைய மீசை மெல்ல இறங்கியது. "சரி சரி, விடும்மா. பொத்தான்தானே. வீட்டுல தைச்சுக்கிறேன். இதுக்குப் போய் யாராவது..." என்று சொல்லிவிட்டு, பையில் வைத்திருந்த இரண்டு போர்வைகளையும் சலவைக்குப் போட்டுவிட்டுப் போனார். எனக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த கோட்டுகளுக்கு நடுவே சித்தப்பா ஒரு கோட்டைப்போல அசையாமல் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாப்பிடும்போது சித்தியிடம், "வீட்டுக்குள்ளயே எண்ணெய்க் கிணறு இருந்திருக்கு, நாம அதுமேல பாய் விரிச்சுப் படுத்திருக்கோம்" என்றார். சித்திக்குப் பல் பிடுங்கிய வாயில் பஞ்சு இருந்ததால் என்ன என்று கேட்க முடியவில்லை. "இத்தனை நாளா இந்த முகத்தைப் பின்னாடி உட்கார வெச்சிருந்தோமே. யாருக்கு வரும் இந்த மாதிரி முகம்? நான் அழுதா அடிப்பான். நீ அழுதா கூட நாலு பேச்சுப் பேசுவான். இது தலையைக் குனிஞ்சா அவனே மன்னிப்புக் கேக்கறான்." மறுநாளிலிருந்து நான் புகார் மேசையில். எனக்கு விதிமுறைகளும் வந்தன. வெளுத்த சாம்பல் நிறச் சால்வையையே போட்டுக்கொள்ள வேண்டும். தலையை ரொம்பப் படிய வாரக் கூடாது. மேலே இருந்த வெள்ளை விளக்கை எடுத்துவிட்டு மங்கலான மஞ்சள் விளக்கு போட்டார்கள். ஒருநாள் தெருவில் போன நாய்க்குட்டியைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன், சித்தப்பா ஓடிவந்து, "கடை நேரத்துல சிரிக்காதே, வாடிக்கை போயிடும்" என்றார்.

துவைக்கிற அண்ணனுக்கு முன்பெல்லாம் ஒரு கர்ச்சீப் சாயம் போனாலும் கை நடுங்கும். இப்போது, "கெட்டா என்ன, வெளியில பாப்பா உட்கார்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, வெள்ளையையும் சிவப்பையும் ஒன்றாகத் தள்ளுகிறார். எண்ணெய்க் கிணற்றை ஆழமாகத் தோண்டத் தோண்டத்தானே எண்ணெய் வரும். ஒரு பாட்டு வாத்தியாரின் வெள்ளைக் கால்சட்டை ரோஜா நிறத்தில் திரும்பி வந்தது. ஒரு வீட்டு ஜன்னல் திரை பாதி ஜன்னலோடு நின்றுவிட்டது. சித்தியின் பல்லைப் பிடுங்கிய அதே வைத்தியரின் கோட்டில் ஒரு கை மட்டும் சுருங்கிவிட்டது. அவர் கோபமாகத்தான் வந்தார், கோட்டைப் போட்டுக் காட்டினார், என் முகத்தைப் பார்த்தார், அந்தக் குட்டைக் கையாலேயே எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனார். இதைவிடப் பெரிய கஷ்டம், புகாரே இல்லாதவர்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அம்மா வந்து தம் மருமகளைப் பற்றிச் சொல்வார். மருமகள் வேறு நேரத்தில் வந்து மாமியாரைப் பற்றிச் சொல்வாள். "நீ ஒருத்திதான் குறுக்கே பேசாம கேக்கறே" என்று இரண்டு பேருமே சொல்கிறார்கள். இருவரும் போகும்போது எதையாவது சலவைக்குப் போட்டுவிட்டுப் போகிறார்கள், அதனால் சித்தப்பா அவர்களுக்கென்று ஒரு ஸ்டூலும் போட்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் என் அம்மாவின் தம்பி, தொழிலாளர் சங்கத்தில் இருக்கும் சங்க மாமா, மேடைச் சட்டையைத் தேய்த்து வாங்க வந்தார். உங்களுக்கும் அவருக்கும் ஆகாது என்பது தெரியும், ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும். கவுண்டரில் என்னைப் பார்த்தார், மஞ்சள் விளக்கைப் பார்த்தார், எதிரே நின்று தானாகவே தணிந்துகொண்டிருந்த ஒரு வாடிக்கையாளரைப் பார்த்தார். "மச்சான், இங்க வாங்க. இதுக்குப் பேர் என்ன தெரியுமா? சுரண்டல். அப்பட்டமான சுரண்டல். ஒரு பொண்ணோட கண்ணீரை எடுத்துக் காசாக்கறீங்க" என்றார். அத்தை, அப்போது எனக்கு வந்த அழுகை கவுண்டர் அழுகை இல்லை, நிஜமான நன்றியில் வந்தது. மாமா குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். அவர் கண்ணிலும் அன்றைக்குக் கோட்டுகளுக்கு நடுவே சித்தப்பா கண்ணில் இருந்த அதே வெளிச்சம் வந்தது. "ஞாயித்துக்கிழமை உனக்கு லீவுதானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தொழிலாளியின் பிறப்புரிமை என்று பெரிய எழுத்தில் எழுதிய துணிக்குக் கீழே, என் ஓய்வு நாளில், மேடையில் உட்காரவைக்கப்பட்டேன். சால்வையை மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார். "தோழர்களே, இந்தப் பெண்ணைப் பாருங்கள். இவளுக்குப் பேச வாயில்லை. ஏன் இல்லை? பறித்துவிட்டார்கள்" என்று மாமா முழங்கினார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், யாரும் பறிக்கவில்லை என்று சொல்லலாமா என்று நினைத்தேன். பக்கத்தில் மைக் இருந்தது. அதைப் பார்த்ததும் தலை தானாகக் குனிந்துகொண்டது. கூட்டத்தில் விசும்பல் கேட்டது. அன்று சங்கத்தில் சேர வரிசையில் நின்றார்கள். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டதால், நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்ற ஆள் இல்லை. சுரண்டப்பட்ட தொழிலாளி என்கிற முறையில் அந்த வேலையும் எனக்கே வந்தது. அதிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் மேடைதான். கிளைச் செயலாளராக இருந்த மாமா பொதுச் செயலாளராகிவிட்டார். சால்வை கடைக்குச் சொந்தமா, சங்கத்துக்குச் சொந்தமா என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் இன்னும் தகராறு இருக்கிறது. அது என்னுடைய சால்வை.

மூன்றாமவர் மாடியில் குடியிருக்கும் பட்டாளத்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள், துடைப்பத்தைக்கூடத் துப்பாக்கியைப்போலத் தோளில் சாய்த்துத்தான் எடுத்துப் போவார். கொல்லையில் துணி காயப்போடும் கொடிகள் கடைக்கு மட்டுமா, மாடிக்கும் உண்டா என்பது அவருக்கும் சித்தப்பாவுக்கும் பல வருஷத்துப் போர். ஒருநாள் கையில் ஒரு பனியனோடு என் எதிரே வந்து விறைப்பாக நின்றார். "இதை ஓரமா ஒரு கொடியில போடப் போறேன். நிர்வாகத்துக்கு ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். நிர்வாகம் நான்தான். நான் தலையைக் குனிந்தேன். "ஆட்சேபணை இல்லை. நன்றி" என்று சல்யூட் அடித்துவிட்டுப் போனார். மறுநாள் விரிப்போடு வந்தார். அதற்கடுத்த நாள் மெத்தை. பிறகு மடக்குக் கட்டில், உடற்பயிற்சி சைக்கிள், தக்காளிச் செடித் தொட்டிகள், கடைசியாக ஒரு தார்ப்பாய்ப் பந்தல். ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்து முறையாகக் கேட்டுவிட்டுத்தான் போவார். சித்தப்பா கண்டுபிடித்துச் சண்டைக்குப் போனபோது, "உங்க கவுண்டர்ல அனுமதி வாங்கியாச்சு" என்றார். எனக்கு அவர் தனியாக விளக்கமும் சொன்னார். "தப்பா நினைக்காதம்மா. எதிரி வரிசையில ஒரு இடத்துல பிளவு விழுந்துட்டா, கைதட்டிட்டு நிக்கறவன் தோத்தான். அது வழியா புகுந்து, அவன் சுதாரிக்கறதுக்குள்ள போய்க்கிட்டே இருக்கணும். பிளவைக் கண்டுபிடிக்கறது பெரிய காரியமில்ல, அதை முழுசாப் பயன்படுத்தறதுலதான் ஜெயம் இருக்கு." பிளவு என்று அவர் சொன்னது என்னைத்தான். அன்பாகத்தான் சொன்னார்.

கொல்லை போனதும் கடைத் துணிகளை நடைபாதையில் காயப்போட ஆரம்பித்தார்கள். அங்கே வெயில் வராது. துணிகள் அரை ஈரத்தோடு மடிபட்டு, தவளை வாசனையோடு வீட்டுக்குப் போய், மறுநாள் புகாராகத் திரும்பி வந்தன. புகார் கூடியதால் என்னை எழுந்திருக்கவே விடவில்லை. நான் எழுந்திருக்காததால் பட்டாளத்தாருக்குப் பிளவு அடைபடவில்லை. நான் எந்நேரமும் கவுண்டரிலேயே கிடப்பதைப் பார்த்து மாமாவுக்குப் பேச்சில் புதிய சூடு வந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே ஒருவருக்கொருவர் எவ்வளவு ஒத்தாசையாக இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

இப்போது நான் எழுத வந்த விஷயம். துணி தேய்க்கிற அக்காவின் வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. அக்கா இந்த வாரத்தோடு நின்றுகொள்கிறார், தேய்க்கிற மேசை காலியாகிறது. மத்தியானம் கடை சாத்தியிருக்கும் நேரத்தில் அக்கா சாப்பிட்டுக்கொண்டே என்னைத் தேய்க்க விடுவார். முதலில் கைக்குட்டை, அப்புறம் தலையணை உறை, இப்போது காலர், மணிக்கட்டுப் பட்டை எல்லாம் எனக்கு வரும். இஸ்திரிப் பெட்டியின் சூடு எந்தத் துணிக்கு எவ்வளவு என்று கை அருகே கொண்டுபோனாலே தெரிகிறது. சுருங்கிக் கிடந்த துணி பெட்டிக்குப் பின்னால் மெல்லப் படிந்து வருவதைப் பார்க்கிறபோது எனக்கு ஒரு மாதிரி இருக்கும் அத்தை, அதை எழுதிக் காட்டத் தெரியவில்லை. புது ஆள் திங்கட்கிழமை வருகிறாராம். "வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேளுடி. கேட்டா உனக்கு, கேக்கலைன்னா எவனோ ஒருத்தனுக்கு" என்றார் அக்கா. நீங்களே எனக்காகக் கேளுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். "அந்தப் பார்வையெல்லாம் கஸ்டமர்கிட்ட வெச்சுக்கோ. எங்கிட்ட செல்லாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டார்.

கேட்டுப் பார்க்காமல் இல்லை. சித்தப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது போய் எதிரே நின்றேன். வாயைத் திறந்தேன், காற்று வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, "ஆகா, இதே முகம். அப்படியே வெச்சுக்கோ, அந்தத் திரைக்காரம்மா இப்ப வருவாங்க" என்றார். சங்க மாமாவுக்கு ஒரு சின்னக் காகிதத்தில் எழுதியே கொடுத்துவிட்டேன்: ‘எனக்குத் தேய்க்கிற மேசை வேண்டும்.’ அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு உருகிப்போனார். "கட்டாயம். இதைப் போராட்டத்தோட முதல் கோரிக்கையா வைக்கறேன். ஆனா ஒண்ணு, போராட்டம் முடியற வரைக்கும் நீ கவுண்டர்லயே இருக்கணும். நீ பாட்டுக்கு மேசைக்குப் போயிட்டா நான் யாரைக் காட்டிப் போராடறது?" போராட்டம் எப்போது முடியும் என்று கேட்கத் தோன்றியது. அதற்கு இன்னொரு காகிதம் அப்போது என்னிடம் இல்லை. பட்டாளத்தாரிடமும் காகிதம் எழுதிக் கொடுத்தேன், அவர் படித்ததும் வரைபடமே போட்டுவிட்டார், கடை, கொல்லை, மேசை, அம்புக்குறிகள் எல்லாம் போட்டு, கடைசியில் யோசித்து, "வேண்டாம். நீ இருக்கற இடத்தை விட்டு நகர்ந்தா அங்க வேற ஆள் உட்காருவான். அவன் வாய் இருக்கறவனா இருந்தா நம்ம தார்ப்பாய் போச்சு" என்று அந்த வரைபடத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நேற்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கவுண்டரில் மோதிக்கொண்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி குட்டை என்பதால் மூன்று பேரின் சட்டைப் பொத்தான்கள்தான் எனக்குத் தெரிந்தன.

"இந்தக் குழந்தையைச் சுரண்டறீங்க மச்சான். சரித்திரம் உங்கள மன்னிக்காது."

"சுரண்டறேனா? இருக்கற வளத்தை வீணாக்காம எடுத்துப் பயன்படுத்தறேன். ஆத்துல தண்ணி போகுது, அணை கட்டறோம், அது சுரண்டலா? நீங்க மட்டும் என்ன, ஞாயித்துக்கிழமையானா மேடையில கொண்டுபோய் வெக்கறீங்களே, அது என்னவாம்?"

"அது விழிப்புணர்வு."

"அப்ப வாரத்துல ஆறு நாள் நான் பண்றது விழிப்புணர்வு இல்லாத அதே வேலை, அவ்வளவுதானே?"

"ரெண்டு பேரும் வார்த்தைக்குச் சண்டை போடறீங்க" என்றார் பட்டாளத்தார். "எங்க பட்டாளத்துல இதுக்குத் திட்டும் கிடையாது, பாராட்டும் கிடையாது. கிடைச்ச இடத்தை விடாம முன்னேறணும். அது கடமை. செய்யலைன்னாதான் விசாரணை."

"யார்மேல சார் முன்னேறறீங்க? இவ எதிரியா?" என்றார் சித்தப்பா.

"எதிரி நீங்க. இவ பாதை."

மாமாவுக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போய்விட்டது, மேடையில் சொல்லலாமா என்று பட்டாளத்தாரிடமே அனுமதி கேட்டார். அவர் சரி என்றார். அந்த இடத்தில் மூன்று பேருக்கும் குரல் தணிந்தது. சித்தி டீ கொண்டுவந்து கொடுத்தார். டீ முடிவதற்குள் ஒப்பந்தமாகிவிட்டது. கடை நேரம் முழுவதும் நான் சித்தப்பாவுக்கு. ஞாயிறு மாமாவுக்கு, சால்வையோடு. காலையில் கடை திறப்பதற்கு முன் கொல்லை விவகாரங்களுக்காகப் பட்டாளத்தாருக்கு. மத்தியானம் ஒரு அரைமணி யாருக்கும் இல்லாமல் மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று மூன்று பேரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பொதுவுல இருக்கட்டும்" என்று விட்டார்கள். பிறகு கை குலுக்கிக்கொண்டார்கள். "உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?" என்று சித்தப்பா என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு அவரே, "இல்லையாம்" என்று மற்றவர்களுக்குச் சொன்னார். அவர்கள் அடித்துக்கொண்டிருந்தவரை எனக்கு நம்பிக்கை இருந்தது அத்தை. சமாதானமாகப் போனதும் பயமாகிவிட்டது.

ஆகையால் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். திங்கட்கிழமைக்கு முன் நீங்கள் ஒரு நடை வந்துவிடுங்கள். எனக்காக ஒன்றும் பெரிதாகப் பேச வேண்டாம். ‘இவள் தேய்க்கிற மேசைக்குத்தான்’ என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். உங்கள் பெயரைச் சொன்னாலே சித்தப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்கிறார். மாமா உங்கள் எதிரில் மேடைத் தமிழ் பேசமாட்டார். பட்டாளத்தார் மட்டும் எப்படி என்று எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் படியேறி வருகிற சத்தத்தைக் கேட்டால் அவருக்கும் புரிந்துவிடும். கல்யாண வீட்டில் சமையற்காரரிடம் பேசினீர்களே, அந்தக் குரலில் பாதி போதும். நான் பக்கத்தில் நின்று தலையசைக்கிறேன். அதற்குமேல் என்னால் ஆகாது என்று உங்களுக்கே தெரியும். வரும்போது முழங்காலுக்குத் துணி கட்டிக்கொண்டு வாருங்கள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வேண்டாம். நான் எழுதியது சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டாம், தானாகத் தோன்றி வந்ததுபோல இருக்கட்டும்.

வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு அவர்கள் கேட்காவிட்டாலும் என் அன்பையும் சொல்லவும். உங்கள் ஆசி எப்போதும் என்மேல் இருக்கட்டும், கொஞ்சம் சீக்கிரமாகவும் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: அத்தை, நீங்கள் வர வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டு வைத்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் கவுண்டருக்கு எதிரே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு மடிப்புப் பாவாடை, ஏதோ அலுவலகத்து வரவேற்பறைச் சீருடை. மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நடைபாதை ஈரத்தில் அப்படியே விறைத்துப்போயிருந்தன. அவள் அதைக் கவுண்டரில் வைத்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். நானும் குனிந்துகொண்டேன். ஒருத்தர் அழுவதற்கு இன்னொருத்தர் காத்துக்கொண்டிருப்பதுபோல ஆகிவிட்டது. பின்னால் கோட்டுகளுக்கு நடுவே சித்தப்பா இரண்டு தடவை தொண்டையைச் செருமினார், அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. அவள் பாவாடையைத் திரும்பக் கையில் எடுத்தாள். அப்படியே போகப் போகிறாள் என்று தெரிந்தது. அதே சுருக்கத்தோடு போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள், அங்கே ஏதாவது சொல்வார்கள், அங்கேயும் தலையைக் குனிந்துகொள்வாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று நினைத்தேன்.

"நில்லுங்க. இதை நாங்கதான் கெடுத்தோம்" என்று யாரோ சொன்னார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் வேறு பெண் யாரும் இல்லை. "எப்ப வேணும்?" என்றும் அதே குரல் கேட்டது.

"நாளைக்குத்தான் வேலையில முதல் நாள்" என்றாள் அவள், அவ்வளவு சின்னக் குரலில்.

"உட்காருங்க. இப்பவே பண்ணித் தர்றேன்."

கோட்டுகள் விலகின. "எங்க போறே? கவுண்டர்ல யாரு உட்காருவா?" என்றார் சித்தப்பா.

"நீங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், முழங்கால் மோவாயில் இடித்தது. நான் உள்ளே போய், "தள்ளுங்கக்கா" என்றேன். அக்கா தள்ளிக்கொண்டார். பாவாடையை மேசையில் விரித்து, பழைய மடிப்புத் தடத்தை விரலால் தேடிப் பிடித்து, ஊசி குத்தி நிறுத்தி, ஈரத்துணியை மேலே போட்டுப் பெட்டியை வைத்தேன். ஆவி முகத்தில் அடித்தது. பாதியில் கொல்லைப்பக்க ஜன்னலுக்கு வெளியே பட்டாளத்தார் ஒரு நாற்காலியோடு வந்து நின்று, நிர்வாகத்துக்கு ஆட்சேபணை உண்டா என்றார். உண்டு என்றேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். மாமா இன்னும் வரவில்லை. அவருக்கு என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை. வரட்டும்.

அந்தப் பெண் பாவாடையை வாங்கி, மடிப்புகளைத் தொட்டுப் பார்த்து, காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனாள். நான் பெட்டியில் தண்ணீரை நிரப்பி, கூடையில் மேலே கிடந்த சட்டையை எடுத்து மேசையில் போட்டு, காலரிலிருந்து ஆரம்பித்தேன்.